துண்டில் செய்த சிமெண்டுத் தொட்டி உதிர்கிறது: குறைந்த செலவில் தோட்ட அலங்காரம் செய்ய ஆலோசனை தேவை

மல்லிகைப்பந்தல் (மதுரை) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வாடகை வீட்டின் முன்புறம் பத்துக்குப் பன்னிரண்டு அடி மண் தரையில் செம்பருத்தி, நந்தியாவட்டை, துளசி ஆகியவற்றை வளர்த்து வருகிறேன். செடிகளுக்கு நடுவே கண்ணுக்கு அழகாக நாலைந்து பொருள்கள் வைக்க ஆசைப்பட்டு நர்சரியில் விசாரித்தபோது, முழங்கால் உயரமுள்ள ஃபைபர் கொக்கு ஒன்றுக்கு அவர்கள் சொன்ன விலை எங்கள் மாத மளிகைச் செலவில் பாதி இருந்தது. ஆகவே நானே செய்து பார்க்கத் துணிந்தேன்.

பழைய குளியல் துண்டைச் சிமெண்டுக் கரைசலில் முக்கி, கவிழ்த்த வாளியின் மேல் விரித்துக் காயவிட்டால், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் பூந்தொட்டி கிடைக்கும் என்று காணொளியில் பார்த்து அவ்வாறே செய்தேன். சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் வைத்திருந்தேன். மாலைக்குள் கல்லைப் போல் ஆகிவிட்டதே என்று மகிழ்ந்து மறுநாளே பச்சை எனாமல் பெயிண்டும் அடித்துவிட்டேன். பத்தே நாளில் விளிம்பைத் தேய்த்தால் மாவாக உதிர்கிறது. பெயிண்டு பாம்புச் சட்டையைப் போல உரிகிறது. தவறு எங்கே நேர்ந்தது? ஆயிரம் ரூபாய்க்குள் வேறு என்னென்ன செய்யலாம் என்றும் தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.

சாந்துக்கரண்டி (திருச்சி) எழுதியது:

சகோதரிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் கட்டட வேலையில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தொட்டி காய்ந்திருக்கிறதே தவிர இறுகவில்லை. சிமெண்டு, களிமண்ணைப் போல உலர்ந்து கெட்டியாகும் பொருள் அன்று. தண்ணீரோடு வினைபுரிந்து கெட்டியாகும் பொருள். அந்தத் தண்ணீரைச் சித்திரை வெயில் சில மணி நேரத்தில் உறிஞ்சிவிட்டதால் வினை பாதியிலேயே நின்றுபோய், வினைபுரியாத தூள்தான் இப்போது உங்கள் விரலில் ஒட்டுகிறது. தளம் போட்ட மறுநாள் கொத்தனார் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதும், தூணில் சாக்கைச் சுற்றி நனைப்பதும் இதற்காகத்தான். கால் அங்குலக் கனம்கூட இல்லாத துணிக்கு அந்தக் கவனிப்பு இன்னும் அதிகமாகவே தேவை.

அடுத்த முறை துண்டை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். உலர்ந்த துணி கரைசலிலுள்ள நீரை இழுத்துக்கொள்ளும். கரைசல் தோசை மாவைவிடச் சற்று இளக்கமாக இருக்கட்டும். வாளியின் மேல் பாலிதீன் உறை போடாவிட்டால் பிறகு வாளியையும் உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். துண்டை விரித்ததும், கவிழ்ந்த அடிப்பக்கத்தின் நடுவே ஒரு குச்சியைச் செருகி வைத்தால் வடிகால் துளைக்குத் தனியாகப் பாடுபட வேண்டாம். நிழலில் வைத்து, மறுநாள் சிமெண்டும் சலித்த மணலும் சம அளவில் குழைத்த கலவையைத் தூரிகையால் ஒரு பூச்சு பூசுங்கள். அது பிடித்த பிறகு ஈரச் சாக்கைப் போர்த்தி, சாக்கு காயாமல் குறைந்தது ஏழு நாள், கடைகளில் பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. (சாம்பல் கலந்த போர்ட்லண்ட் போசோலானா) வகைச் சிமெண்டாக இருந்தால் பத்து நாள், தண்ணீர் தெளித்து வாருங்கள். கலவையை வெறுங்கையால் தொட வேண்டாம். சிமெண்டின் காரம் தோலைப் புண்ணாக்கும்.

பெயிண்டு உரிந்ததற்கும் அந்தக் காரமே காரணம். எனாமலில் உள்ள எண்ணெயைப் புதுச் சிமெண்டின் காரம் சோப்பாக மாற்றிவிடும். சோப்புக் காய்ச்சுவதும் இதே வினைதான். 28 நாள் பொறுத்து, சிமெண்டு பிரைமர் அடித்து, வெளிச்சுவர் எமல்ஷன் பூசினால் நிற்கும். என்னைக் கேட்டால் பெயிண்டே வேண்டாம் என்பேன். தரைக்குப் போடும் சிவப்பு ஆக்சைடு பொடியை, சிமெண்டின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல், மேல்பூச்சுக் கலவையிலேயே சேர்த்துவிட்டால் உரிவதற்கு எதுவும் இராது. செடி வைக்கும் முன்பு ஒரு வாரம் துளையை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, நாள்தோறும் மாற்றிக் காரத்தை இறக்கிவிடுங்கள்.

வைகைக்கரை (மானாமதுரை) எழுதியது:

சாந்துக்கரண்டி ஐயா சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் மதுரையில் இருந்துகொண்டு சிமெண்டோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? எங்கள் ஊர் மண்பாண்டத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது பலருக்கும் தெரியும். சூளையில் விரிசல் விட்ட பானைகளும் விளிம்பு போன சாடிகளும் ஓரமாகக் குவிந்து கிடப்பது வாங்க வருகிறவர்களில் பலருக்குத் தெரியாது. சமையலுக்கு உதவாத அவற்றைக் கேட்டால் மிகக் குறைந்த விலைக்குத் தருவார்கள். வாங்குமுன் விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலிப்பது முழுப் பானை, மந்தமாக ஒலிப்பது விரிசல் பானை. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது வகை என்பதால் பேரம் பேசவும் அது உதவும்!

அப்படி வாங்கிய பானையொன்றைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாதி புதைத்து, வாயிலிருந்து மண்ணை வெளியே சரியவிட்டு, அந்தச் சரிவு நெடுகிலும் டேபிள் ரோஸ் கிள்ளி நட்டிருக்கிறேன். முற்பகலில் பூக்கள் விரியும்போது பானையிலிருந்து நிறம் வழிந்தோடுவதைப் போல இருக்கும். கார்த்திகை முடிந்து மிஞ்சும் அகல்களையும் வீசிவிடாதீர்கள்; கவிழ்த்து வரிசையாகப் பதித்தால் பாத்திக்குக் கரை ஆகும். டைல்ஸ் கடையில் உடைந்த துண்டுகளைச் சும்மாவே அள்ளிக்கொள்ளச் சொல்வார்கள். அவற்றைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டிச் சில்லாக்கி, பானையின் மேல் வெள்ளைச் சிமெண்டால் ஒட்டலாம். கூர் விளிம்புகளை உப்புத்தாளால் தேய்க்க மறக்க வேண்டாம். சண்டிகரில் சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், 1957 முதல் யாருக்கும் தெரியாமல் உடைந்த வளையல், பீங்கான், டைல்ஸ் முதலியவற்றைக் கொண்டு உருவாக்கிய பாறைத் தோட்டம் 1976இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. உடைசல்தானே என்று தயங்கும்போதெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொள்வேன்.

கொசுவலை (கடலூர்) எழுதியது:

ஒரே ஒரு எச்சரிக்கை. அலங்காரம் என்ற பெயரில் பழைய டயரைச் சாயமடித்து வைக்காதீர்கள். அதன் உட்புற வளைவில் தேங்கும் மழைநீர் டெங்கு கொசுவுக்குப் பிள்ளைப்பேற்று விடுதி. சாய்த்த பானையிலும் தண்ணீர் தங்காமல் அடியில் ஒரு துளை இருக்க வேண்டும். பறவைகளுக்குத் தட்டில் நீர் வைப்பதானால் இரண்டு நாளுக்கு ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவிவிடுங்கள். கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு வாரம் போதும்.

மல்லிகைப்பந்தல் (மதுரை) எழுதியது:

ஏழு வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்குப் பொறுத்தருளுங்கள், சாந்துக்கரண்டி ஐயா கொடுத்த கெடுவும் அதற்கொரு காரணம்! இரண்டாவது துண்டுத் தொட்டியை ஆக்சைடு கலந்து செய்து, பத்து நாள் ஈரச் சாக்கில் வைத்து எடுத்தேன். நகத்தால் கீறினாலும் தூள் வரவில்லை. ஒரு மடிப்பில் மட்டும் துண்டின் கரைக்கோடு அப்படியே பதிந்துவிட்டது. வீட்டுக்காரர் அதைத் தடவிப் பார்த்துவிட்டு எந்த ஊர்க் கல் என்று கேட்டார். மானாமதுரையிலிருந்து மூன்று விரிசல் பானைகள் வந்திருக்கின்றன. பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தபோது நடத்துநர், உடைந்த பானைக்கா இவ்வளவு பத்திரம் என்றார். மொத்தச் செலவு, பயணச்சீட்டையும் சேர்த்து, அறுநூற்றைத் தாண்டவில்லை. பழைய பச்சைத் தொட்டியை உடைத்து நந்தியாவட்டைக்கு அண்டைக் கல்லாக அடுக்கிவிட்டேன்.