பச்சை மலையில் ஒரு புல் ஏன் அழிகிறது?

கயல்விழி: அட்லாண்டிக் நடுவே உள்ள அசென்ஷன் தீவின் பச்சை மலைப் படங்களைப் பார்த்தேன். 859 மீட்டர் உச்சியில் மூங்கில் அடர்ந்து நிற்கிறது. இவ்வளவு ஈரம் இருந்தும் அந்தத் தீவுக்கே உரிய ஸ்போரோபோலஸ் சீஸ்பிடோசஸ் என்ற புல் அழியும் நிலையில் இருக்கிறதாம். ஆடு மேய்ந்ததாலா?

புல்வாத்தியார்: ஆடும் காரணம்தான் அம்மா. போர்த்துகீசியர் விட்ட ஆடுகள், பிறகு முயல், செம்மறி. ஆனால் இன்று அதை நெருக்குவது நீங்கள் படத்தில் பார்த்த பசுமையேதான்.

நெப்போலியன் செயின்ட் ஹெலினாவுக்கு நாடு கடத்தப்பட்ட 1815-இல் ஆங்கிலேயர் அசென்ஷனில் படையை நிறுத்தினார்கள். தண்ணீருக்குத் திண்டாட்டம். 1843-இல் வந்த தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர், மலையில் மரம் வைத்தால் மூடுபனியின் ஈரத்தைப் பிடிக்கலாம் என்றார். லண்டனில் உள்ள கியூ தாவரவியல் தோட்டத்தின் ஏற்பாட்டில் கப்பல்களில் கன்றுகள் வந்தன. அதற்கு முன் அங்கே காடு கிடையாது. பெரணி, பாசி, சில புற்கள், அவ்வளவுதான்.

நம் புல் பனி நனைக்கும் வெற்றுச் சரிவில் சின்னத் தூராக வளர்வது. வெளியிலிருந்து வந்த செடிகள் சரிவை மூடினால் அது எங்கே நிற்கும்? அதன் உறவான ஸ்போரோபோலஸ் டூரஸும் அந்தத் தீவில் மட்டுமே இருந்தது. அது அழிந்துவிட்டதாகவே பட்டியலில் இருக்கிறது. எனக்கு ஆறவே இல்லை.

கயல்விழி: அப்படியென்றால் வெளிச்செடிகளை எல்லாம் வெட்டிவிடலாமே சார்?

புல்வாத்தியார்: கூடாது. தீவுக்கே உரிய சின்னப் பெரணி ஒன்று, வந்தேறி மரங்களிலும் மூங்கிலிலும் படர்ந்த பாசிமேல் தொற்றி வாழ்கிறது. மொத்தமாக வெட்டினால் அதுவும் போகும். புல் நிற்கும் சரிவுகளில் மட்டும் சுற்றியுள்ள களையை எடுக்க வேண்டும், திரும்பத் திரும்ப. 2005-இல் மலை தேசியப் பூங்கா ஆனது நல்லதுதான். ஆனால் அறிவிப்பு களை பிடுங்காது.

மருதன்: டூரஸ் எங்காவது மிச்சம் இருக்குமா ஐயா?

புல்வாத்தியார்: தம்பி, அனோகிராம்மா அசென்ஷனிஸ் என்ற பெரணியும் 2003-இல் அழிந்த பட்டியலில் ஏறியதுதான். பின்னால் செங்குத்தான சரிவொன்றில் நான்கே செடிகள் அகப்பட்டன. அவற்றின் வித்துத்தூளைக் கியூவுக்குக் கொண்டுபோய் வளர்த்தெடுத்தார்கள். அதனால் டூரஸைத் தேடுவதையும் விடக் கூடாது. செம்மறி கால் வைக்க முடியாத பாறை விளிம்புகளைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன்.