தரைவிரிப்புகளை வீட்டுச் சலவை இயந்திரத்தில் துவைக்கலாமா?

கேள்வி

வணக்கம். எங்கள் வீட்டில் மூன்று வகையான விரிப்புகள் இருக்கின்றன. குளியலறை வாசலில் போடுகிற, அடியில் ரப்பர் பூசிய பருத்திக் கால்மிதிகள் முதல் வகை. வரவேற்பறையில் கிடக்கும் நீண்ட இழைகள் கொண்ட பாலியஸ்டர் விரிப்பு இரண்டாவது. அதன் அளவு 120 செ.மீ.க்கு 180 செ.மீ. மூன்றாவது, இரு முனைகளிலும் குஞ்சம் வைத்த, கையால் முடிச்சிட்டு நெய்த சிறிய கம்பளம். வீட்டில் ஒருவருக்குத் தூசி ஒவ்வாமை இருப்பதால், வேக்குவம் கிளீனரால் மேலோட்டமாகத் தூசியை எடுப்பது மட்டும் போதவில்லை. நீரில் துவைத்தால்தான் நிறைவாக இருக்கும் என்று நினைக்கிறோம். எங்களிடம் இருப்பது முன்புறம் கதவுள்ள 7 கிலோ இயந்திரம். மூன்றுமே மடித்தால் டிரம்முக்குள் அடங்கிவிடுகின்றன. இவற்றில் எதை இயந்திரத்தில் போடலாம், எதைப் போடக் கூடாது, போடுவதானால் எந்த அமைப்பில் ஓடவிட வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

சலவை இயந்திரங்களைப் பழுது பார்ப்பது என் தொழில் என்பதால், முதலில் இயந்திரத்தின் பக்கமிருந்து சொல்கிறேன். விரிப்பு டிரம்முக்குள் அடங்குகிறதா என்பதை வைத்தே பெரும்பாலோர் முடிவெடுக்கிறார்கள். ஆனால் பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: நனைந்த பிறகு அது எவ்வளவு கனக்கும், அந்தக் கனம் டிரம்மைச் சுற்றிச் சமமாகப் பரவுமா என்பவை. சட்டை, துண்டு, போர்வை என்று பலவும் கலந்து கிடக்கும்போது, பிழியத் தொடங்குவதற்கு முன் இயந்திரம் டிரம்மை மெதுவாகப் புரட்டித் துணிகளைப் பிரித்துச் சுவரெங்கும் பரப்பிக்கொள்கிறது. ஒற்றை விரிப்பை அப்படிப் பிரிக்க வழியில்லை. அது சுருண்டு ஒரு பக்கம் ஒதுங்கினால் ஒதுங்கியதுதான்.

இதன் விளைவைக் கணக்காகவே சொல்லலாம். 50 செ.மீ. விட்டமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1200 சுற்று சுழலும்போது, அதன் சுவரை ஒட்டிக் கிடக்கும் பொருளின் மீது புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 400 மடங்கு விசை செயல்படுகிறது. ஒரு பக்கத்தில் 1 கிலோ கூடிவிட்டாலே, 400 கிலோ எடைக்கு நிகரான இழுப்பு சுற்றுக்குச் சுற்று திசை மாறி, டிரம்மைத் தாங்கும் பேரிங்கையும் ஸ்பிரிங்குகளையும் அடியிலுள்ள ஷாக் அப்சார்பர்களையும் உலுக்கும். வேகத்தை 400 சுற்றாகக் குறைத்தால் அதே விசை ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே விரிப்பு எதுவானாலும் பிழியும் வேகத்தை 400 முதல் 600 சுற்றுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நீர் சற்றுக் கூடுதலாகத் தங்கினாலும் பரவாயில்லை.

இப்போதைய இயந்திரங்கள் பல, எடை ஒரு பக்கம் சாய்ந்திருப்பதை உணர்ந்து, சில தடவை முயன்று பார்த்துவிட்டுப் பிழியாமலேயே நின்றுவிடும். இதைப் பழுது என்று எண்ணி என்னை அழைப்பவர்கள் உண்டு. அது பழுதன்று, பாதுகாப்பு. நீரை வடியவிட்டு, கதவைத் திறந்து, விரிப்பைக் கையால் விரித்துப் போட்டு, எதிர்ப் பக்கத்துக்கு ஒன்றிரண்டு கனமான துண்டுகளைச் சேர்த்து மீண்டும் பிழியவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். அவ்வாறு செய்தும் பிழிய மறுத்தால் வற்புறுத்த வேண்டாம்.

உங்கள் இயந்திரத்தின் 7 கிலோ என்பது உலர்ந்த பருத்தித் துணியின் கணக்கு. செயற்கை இழைகளுக்கான அமைப்பில் அந்த அளவு பல இயந்திரங்களில் ஏறத்தாழப் பாதிதான்; கையேட்டில் அமைப்பு வாரியாக அட்டவணை இருக்கும், பாருங்கள். விரிப்பின் எடையை அறிய, அதைக் கையில் ஏந்தியபடி எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று, பின் வெறுங்கையோடு நின்று, இரண்டுக்குமுள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொண்டால் போதும். உள்ளே போட்டபின் விரிப்புக்கும் டிரம்மின் மேற்பகுதிக்கும் இடையே ஒரு சாண் இடைவெளியேனும் இல்லையென்றால் நீர் ஊடுருவிப் போவதற்கு இடமிராது. அழுக்கு இடம் மாறுமே தவிரப் போகாது.

இன்னொன்று. அடியில் முழுவதுமாக ரப்பரோ பிளாஸ்டிக்கோ பூசி, நீரை அறவே புக விடாத மிதியடிகளை இயந்திரத்தில் போட வேண்டாம் என்று பல கையேடுகளில் எச்சரித்திருப்பார்கள். பிழியும்போது அதன் மடிப்புக்குள் நீர் குளம்போல் சிக்கிக்கொண்டு, வேகம் ஏறிய நிலையில் திடீரென்று வெளியேறுவதால் எடை ஒரு நொடியில் மாறி, இயந்திரம் இருந்த இடத்தைவிட்டே நகரும் அளவுக்கு அதிரும்.

மறுமொழி 2

மேலே சொன்னவை இயந்திரத்தைக் காக்கும் வழிகள். துணி ஆலையில் பல ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் விரிப்பைக் காப்பது பற்றி நான் எழுதுகிறேன். என் கருத்தில், விரிப்பின் முகத்தைப் பார்ப்பதைவிட அதன் முதுகைப் பார்ப்பதுதான் முக்கியம். மேலே பாலியஸ்டர் என்று தெரிந்தவுடன் துவைக்கலாம் என்று முடிவு செய்துவிட முடியாது, ஏனெனில் அந்த இழைகளைப் பிடித்து வைத்திருப்பது எது என்பது அடிப்பக்கத்தில்தான் தெரியும்.

விரிப்பைத் திருப்பிப் போட்டு, அதன் மூலையைச் சற்றே வளைத்துப் பாருங்கள். முகப்பின் வடிவமே முதுகிலும் நூல் நூலாகத் தெரிந்தால் அது தறியில் நெய்யப்பட்டது, அல்லது கையால் முடிச்சிடப்பட்டது. முதுகில் தனியாக ஒரு துணி ஒட்டப்பட்டிருந்து, அதன் ஓரத்தை நெம்பினால் உள்ளே வெண்மையான, காய்ந்த பசைப் படலம் தெரிந்தால், இழைகள் ஒரு வலைத்துணியில் ஊசியால் குத்தப்பட்டு லேடக்ஸ் பசையால் பிடித்து வைக்கப்பட்டுள்ளன என்று பொருள். விரலால் அந்தப் பசையை அழுத்தித் தேயுங்கள். விரலில் மாவுபோல வெள்ளைத் தூள் ஒட்டினால் பசை ஏற்கெனவே உதிரத் தொடங்கிவிட்டது. அந்த நிலையில் நீரில் ஊறவைத்து உருட்டிப் புரட்டினால் முதுகுத் துணி தனியே கழன்று, இழைகள் கொத்துக் கொத்தாக வெளியே வரும்.

அடுத்ததாக, ஓரத்தில் தைத்துள்ள பராமரிப்புச் சீட்டைப் பாருங்கள். தொட்டி போன்ற குறிக்குள் 30 அல்லது 40 என்றிருந்தால் அத்தனை டிகிரி செல்சியஸ் வரை இயந்திரத்தில் துவைக்கலாம். தொட்டியின் கீழே கோடு இருந்தால் மென்மையான சுழற்சி மட்டும். தொட்டிக்குள் கை வரைந்திருந்தால் கையால் மட்டும். தொட்டியின் மேல் பெருக்கல் குறி இருந்தால் நீரில் துவைக்கவே கூடாது. சீட்டு இல்லாத விரிப்பை, கூடாது என்ற வகையில் சேர்ப்பதே நல்லது.

உங்கள் கம்பளத்தைப் பற்றித் தயக்கமின்றிச் சொல்கிறேன்: அதன் இழை கம்பளியாகவே இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்; அப்படியானால் இயந்திரத்தில் போடவே போடாதீர்கள். கம்பளி இழையின் மேற்பரப்பில் மீன் செதில்களைப் போன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீர், காரமான சலவைத்தூள், தொடர்ந்த உரசல் மூன்றும் சேரும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொண்டு இறுகிவிடும். அப்படி இறுகிய கம்பளியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியே இல்லை. மேலும், இத்தகைய கம்பளங்களில் முடிச்சுகள் கம்பளியாகவும், பாவும் ஊடும் (நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் ஓடும் அடிப்படை நூல்கள்) பெரும்பாலும் பருத்தியாகவும் இருப்பதால், இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி, விளிம்பு அலையலையாக எழும்பிவிடும். சாதாரணச் சலவைப் பொருள்கள் பலவற்றில் புரதக் கறையைக் கரைக்கும் நொதிகள் சேர்க்கப்படுகின்றன. கம்பளியும் புரதமே என்பதால் அவை இழையையே அரிக்கக்கூடும். அதை உலர்ந்த நிலையில் தலைகீழாகப் போட்டுத் தட்டித் தூசியை எடுங்கள். முழுச் சலவை தேவைப்படும்போது கம்பளம் துவைப்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் கொடுங்கள்.

சணல் விரிப்புகளும், பட்டுப்போல் பளபளக்கும் விஸ்கோஸ் விரிப்புகளும் இதே வகைதான். விஸ்கோஸ் நனைந்தால் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழந்துவிடும். சணல் மெதுவாக உலரும்போது அதிலுள்ள பொருள்கள் நீரோடு மேலேறிப் பழுப்புக் கறையாகப் படியும்.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே திருப்பிப் பார்த்தேன். கம்பளத்தில் முகப்பின் வடிவம் அப்படியே முதுகிலும் தெரிகிறது. இழை முழுக்கக் கம்பளிதான். அதை இயந்திரத்துக்குக் கொண்டுபோகும் எண்ணத்தை விட்டுவிட்டேன். பாலியஸ்டர் விரிப்பின் எடை 4.6 கிலோ, அதன் சீட்டில் தொட்டிக்குள் 30 என்றும் கீழே ஒரு கோடும் உள்ளன, பசை உதிரவில்லை. ஆனால் எங்கள் கையேட்டில் செயற்கை இழை அமைப்புக்கு 3.5 கிலோதான் உச்ச அளவு. கால்மிதிகளில் இரண்டின் அடியில் ரப்பர் புள்ளி புள்ளியாக மட்டுமே இருக்கிறது. மற்ற இரண்டில் முழுப் பூச்சு, அதில் மெல்லிய வெடிப்புகளும் தெரிகின்றன. துவைக்கலாம் என்று சீட்டே அனுமதிக்கும்போது, எடை சற்று மிஞ்சுவதைப் பொருட்படுத்தத்தான் வேண்டுமா?

மறுமொழி 1 எழுதியவர்

பொருட்படுத்தத்தான் வேண்டும். சீட்டு சொல்வது விரிப்பு தாங்குமா என்பதை மட்டுமே. உங்கள் இயந்திரம் தாங்குமா என்பதைக் கையேடுதான் சொல்ல முடியும். 3.5 கிலோ அளவுக்குள் 4.6 கிலோவை, அதுவும் ஒற்றைத் துண்டாக, ஏற்றுவதை நான் ஒப்பமாட்டேன். 10 கிலோவுக்கு மேற்பட்ட டிரம் கொண்ட சுயசேவைச் சலவையகம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தால் அங்கே துவையுங்கள். இல்லையேல் திறந்த வெளியில் தரையில் விரித்து, நீர் பாய்ச்சி, மென்மையான தூரிகையால் தேய்த்து, சாய்வாக நிறுத்தி நீரை வடியவிடுங்கள்.

புள்ளி ரப்பர் கொண்ட இரண்டு கால்மிதிகளையும் தாராளமாகப் போடலாம். முழுப் பூச்சுள்ளவற்றைக் கையால் அலசுங்கள். வெடிப்பு விழுந்துவிட்டதால் அவற்றின் ஆயுள் முடியப் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெடித்த ரப்பர் உதிர்வது எங்கே போய்ச் சேரும் என்பதை நான் அன்றாடம் பார்க்கிறேன்: இயந்திரத்தின் கீழே உள்ள சிறிய மூடியைத் திறந்து வடிகட்டியைத் திருகி எடுத்தால், சாம்பல் நிறத்தில் பிசுபிசுத்த ரப்பர்த் துணுக்குகளும் அவற்றைச் சுற்றிக் கயிறுபோல் முறுக்கிய பருத்தி இழையும் கையோடு வரும்; அவை மேலும் உள்ளே போயிருந்தால் பம்பின் இறக்கையே சுற்ற முடியாமல் நின்றிருக்கும். எந்த விரிப்பைத் துவைத்தாலும் அன்றே அந்த வடிகட்டியைக் கழற்றிக் கழுவுங்கள், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்தின் மடிப்பையும் துடைத்துவிடுங்கள். துவைப்பதற்கு முன் விரிப்பை வெளியே உதறி மணலைப் போக்கிவிட்டால், அந்த வேலையில் பாதி மிச்சமாகும்.

மறுமொழி 3

ஒவ்வாமையைப் பற்றி இதுவரை யாரும் எழுதாததால் நான் சேர்க்கிறேன். எங்கள் வீட்டிலும் இதே தொல்லை உண்டு. தூசிப் பூச்சிகள் சாவதற்கு 60 டிகிரி அளவுக்குச் சூடான நீர் வேண்டும். பாலியஸ்டர் விரிப்பின் சீட்டு 30 டிகிரிக்கு மேல் அனுமதிக்கவில்லை, ரப்பர் பூச்சும் அத்தனை சூட்டில் விரைவாகக் கெட்டுப்போகும். இருப்பினும் மனம் தளர வேண்டியதில்லை. தும்மலையும் கண்ணெரிச்சலையும் தூண்டுவது பெரும்பாலும் அப்பூச்சிகளின் கழிவிலுள்ள புரதங்கள்தான். அவை நீரில் கரைபவை என்பதால், குளிர்ந்த நீரில் நன்றாக அலசினாலும் பெருமளவு வெளியேறிவிடும். கூடுதலாக ஒருமுறை அலசும் வசதி இருந்தால் கட்டாயம் பயன்படுத்துங்கள். திரவச் சலவைப் பொருளை வழக்கமான அளவில் பாதி மட்டும் ஊற்றுங்கள். அடர்ந்த இழைகளுக்குள் சோப்பு தங்கிவிட்டால், உலர்ந்த பின் அதுவே பிசுபிசுப்பாகி முன்னிலும் வேகமாக அழுக்கை ஈர்க்கும். துணி மென்மையாக்கி கால்மிதிகளின் நீருறிஞ்சும் தன்மையைக் கெடுப்பதால் அது வேண்டாம்.

துவைப்பதைவிட உலர்த்துவதில்தான் அதிகம் தவறு நேர்கிறது என்பது என் எண்ணம். ஒன்றிரண்டு நாள் ஈரம் தங்கினாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். ஒவ்வாமைக்காகத் துவைத்துவிட்டு, அதைவிடத் தீவிரமான இன்னொன்றை வளர்ப்பதில் பயனில்லை. எனவே வெயிலும் காற்றும் உள்ள நாளின் காலையிலேயே துவைத்து, இருபக்கமும் காற்றுப் படும்படி கம்பியின் மீதோ இரண்டு நாற்காலிகளுக்கு இடையிலோ போட்டு, சில மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிடுங்கள். ரப்பர் பூசியவற்றை மட்டும் நிழலில் போடுங்கள், ஏனெனில் கடும் வெயில் ரப்பரை வெடிக்கச் செய்யும். வெப்பத்தால் உலர்த்தும் இயந்திரத்தில் ரப்பர் உள்ள எதையும் போடக் கூடாது. அங்கே தீப்பிடிக்கும் அபாயமே உண்டு. மேற்பரப்பு காய்ந்ததாகத் தோன்றினாலும், முதுகுப்புறத்தின் நடுவில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, குளிர்ச்சி சற்றும் தெரியாத பிறகே தரையில் விரியுங்கள்.

மறுமொழி 2 எழுதியவர்

ஒரு சிறு சேர்க்கை. கால்மிதிகள் அடர்நிறமானால், ஈரமான வெள்ளைத் துணியை அவற்றின் மேல் ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் மற்றத் துணிகளோடு சேர்க்காமல், எடையைச் சமன்செய்யப் போடும் துண்டுகளையும் பழைய, அடர்நிறத் துண்டுகளாகவே தேர்ந்தெடுங்கள்.