‘ஷிப்மென்ட்’, ‘செல்-த்ரூ’: தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர்:
அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம். காணொளி விளையாட்டுகளின் விற்பனைக் கணக்கு பற்றிய கட்டுரை ஒன்றை இன்று மாலைக்குள் மொழிபெயர்த்துத் தர வேண்டும். நிறுவனம் கடைகளுக்கு அனுப்பியதை ஷிப்மென்ட் என்றும், கடையிலிருந்து வாடிக்கையாளரிடம் போனதை செல்-த்ரூ என்றும் மூலக்கட்டுரை பிரிக்கிறது. இந்தப் பிரிவு தேவைதான். 1983-இல் அட்டாரி நிறுவனம் விலைபோகாத கேட்ரிட்ஜ்களை (விளையாட்டு அடங்கிய செருகுபெட்டிகளை) நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தது. 2014-இல் தோண்டியபோது அவை நசுங்கிய அட்டைப்பெட்டிகளோடு வெளியே வந்தன. அனுப்பியதையே விற்றதாக எழுதினால், கடைகள் திருப்பியனுப்பும் சரக்கும் விற்பனைக் கணக்கில் ஏறிவிடும். ‘கடைசேர் விற்பனை’, ‘கைசேர் விற்பனை’ என்று வைக்கலாமா?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
வினைத்தொகையாக அமைந்திருப்பதில் குறையில்லை. ஆயினும் புதுச்சொல் எதற்கு? சரக்கு விற்றுத் தீர்ந்தால் ‘செலவாகிவிட்டது’ என்பது கடைவீதி வழக்கு. ‘செல்’ என்னும் வேரிலிருந்து வந்த செலவுக்குப் பழம்பொருள் பயணம். பொருள் தேடிப் பிரியும் தலைவன் தயங்கி நிற்பதைச் செலவழுங்கல் என்றார்கள். அழுங்கிய செலவு கிடங்கில் தேங்கிய சரக்கு, அழுங்காத செலவு செல்-த்ரூ. ஒலிகூட ஒத்துவருகிறது!

விளையாட்டு நிரலர்:
ஐயா, ‘இவ்விளையாட்டின் செலவு பத்து லட்சம்’ என்று படிப்பவர் அதைத் தயாரிப்புச் செலவு என்றல்லவா எடுத்துக்கொள்வார்? ‘கைசேர்’ என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. 2015-இல் தொடங்கிய ஸ்டீம் ஸ்பை என்னும் தளம், ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் பொதுவில் திறந்திருந்த பயனர் கணக்குகளில் சிலவற்றைக் கூறாக எடுத்து, எந்த விளையாட்டு எத்தனை பேரிடம் இருக்கிறது என்று கணித்தது. இலவசமாகக் கொடுத்ததும் அதில் சேரும். கை சேர்ந்தது, ஆனால் விற்கவில்லை. 2018 ஏப்ரலில் ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம், பயனர்களின் விளையாட்டுப் பட்டியல்களை அவர்களே திறந்துவிடாதவரை மறைந்திருக்கும்படி மாற்றிவிட, அந்த வழியும் அடைபட்டது. இப்போது ஸ்டீமில் பயனர்கள் எழுதும் விமர்சனங்களை எண்ணி ஏதோ ஓர் எண்ணால் பெருக்குகிறார்கள். பெருக்கும் எண்ணோ விளையாட்டுக்கு விளையாட்டு மாறுகிறது. அதற்கு ‘மதிப்பீடு’ என்பது மிகப் பெரிய சொல், ‘குத்துமதிப்பு’ போதும்.

மொழிபெயர்ப்பாளர்:
‘குத்துமதிப்பு’ பத்திரிகைக்குக் கொச்சையாகப் படும் என்பதால் ‘தோராயக் கணக்கு’ என்று எழுதுகிறேன். குழுவில் வேறு மூவர் ஆதரித்திருப்பதால் கடைசேர், கைசேர் இரண்டையும், முதலில் வரும் இடத்தில் விளக்கத்தோடு, பயன்படுத்துகிறேன். இலவசப் பிரதிகளும் சேர்ந்த கணக்குக்கு ‘உடைமை எண்ணிக்கை’ என்று தனியே எழுதிவிடலாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்க. எங்கள் தெரு மளிகைக்காரர் இன்று காலையும் ‘நாலு மூட்டை செலவாகிவிட்டது ஐயா’ என்றுதான் சொன்னார். அவரைத் திருத்த எனக்கு மனமில்லை.