பழைய ரிவால்வருக்கு அடகுக்கடையில் கிடைத்த மதிப்பு: உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

ஹூஸ்டன்வாசி:

ஒரு சனிக்கிழமை. ஒரே ஆள், இரண்டு பொருள். ஒன்றரை வருடம் ஆன லேப்டாப் ஒன்று, அவருடைய அப்பா வைத்திருந்த ரிவால்வர் ஒன்று. லேப்டாப்புக்கு 80 டாலர் தருகிறேன் என்றார் கடைக்காரர். ரிவால்வருக்கு 200. வந்தவருக்கே நம்ப முடியவில்லை. “லேப்டாப்பை 900 கொடுத்து வாங்கினேன், இது எங்கப்பா காலத்து இரும்பு” என்றார். கடைக்காரர் பதில் சொல்லவில்லை, ரசீது எழுத ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கடையில் ஆறு வருடம் பகுதிநேரமாகக் கணக்கு எழுதியவன் நான். துப்பாக்கி சுடத் தெரியாது, சொந்தமாக ஒன்று வைத்துக்கொண்டதும் இல்லை. ஆனால் எது மூழ்கும், மூழ்கினால் எத்தனை நாளில் விற்கும் என்பதைப் பேரேடே சொல்லிவிடும். நம் ஊர் அடகுக்கடையில் நகைதான் எல்லாம். டெக்சாஸில் மோதிரத் தட்டுக்குப் பக்கத்திலேயே ரிவால்வர் படுத்திருக்கும்.

அன்றைக்கு வந்தது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனியின் மாடல் 10 ரிவால்வர், அறுபதுகளில் செய்தது. உள்ளே தோட்டா இல்லை என்பதைக் கடைக்காரர் முதலில் இரண்டு தடவை பார்த்துக்கொண்டார். சிலிண்டரை, அதாவது தோட்டா போடுகிற உருளையை, வெளியே தள்ளினால், மூடும்போது மறைந்துபோகிற மூலையில் மாடல் எண் பொறித்திருக்கும். 1957-லிருந்து அப்படி. இதில் 10-5 என்றிருந்தது. பிறகு ஒரு வெள்ளைத் தாளைச் சிலிண்டர் பக்கம் பிடித்துக்கொண்டு, குழலின் வாய் வழியாக உள்ளே பார்த்தார். தோட்டாவைச் சுழற்றிவிடுகிற வரிப்பள்ளங்கள் தேயவில்லை. சிலிண்டரை மூடி, விசையை அழுத்திப் பிடித்தபடியே இரண்டு விரலால் அதை ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. கடைசியாக மரக் கைப்பிடியின் திருகைக் கழற்றி, வலப்பக்கத் துண்டின் உள்முகத்தைத் திருப்பினார். துப்பாக்கியின் அடியில் இருந்த அதே சீரியல் எண் மரத்திலும் முத்திரையாக இருந்தது. அதாவது தொழிற்சாலையில் போட்ட கைப்பிடி மாறவே இல்லை. நகைக்கு உரைகல் மாதிரி இதெல்லாம்.

இத்தனைக்கும் மாடல் 10 அபூர்வமான சரக்கு இல்லை. 60 லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளிலும் அமெரிக்கப் போலீஸ் துறைகள் ரிவால்வரைக் கைவிட்டு கிளாக் மாதிரியான பிஸ்டலுக்கு மாறியபோது, கழித்துக்கட்டிய ரிவால்வர்கள் சந்தையில் வெள்ளமாக வந்து விழுந்தனவாம். அப்போது சல்லிசு. போலீஸ்காரர் அதை இடுப்பில் சுமந்ததுதான் அதிகம், சுட்டது கொஞ்சம். உறையில் உரசிக் குழல் முனை வெளுத்திருக்கும், உள்ளே பார்த்தால் புதுசு போல இருக்கும். அந்த வெள்ளம் எப்போதோ வடிந்துவிட்டது, கேட்கிறவர்கள் மட்டும் குறையவில்லை.

இன்னொன்று, தோட்டா. மாடல் 10-க்குப் போடுகிற .38 ஸ்பெஷல் தோட்டா வந்தது 1898-ல். இன்றைக்கும் எந்தத் துப்பாக்கிக் கடைக்குப் போனாலும் டப்பா டப்பாவாகக் கிடைக்கும். .45 ஏசிபி என்கிற பிஸ்டல் தோட்டா 1905-ல் வந்தது, அதுவும் அப்படியே. ஐந்து வருடப் பழைய லேப்டாப்புக்கு பேட்டரி தேடிப் பாருங்கள்.

பழசு வேண்டும் என்று கேட்டு வருகிறவர்கள் முதலில் பார்க்கிற இடம் ஒன்று உண்டு. 2001 வாக்கில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தன் ரிவால்வர்களில் சாவி போட்டுப் பூட்டும் ஏற்பாட்டைச் சேர்த்தது. பக்கவாட்டில் சின்னத் துளை இருக்கும். “துளை இருக்கிறதா?” என்று போனிலேயே கேட்பார்கள். இருக்கிறது என்றால் பேரம், இல்லை என்றால் “எடுத்து வையுங்கள், வருகிறேன்”. அந்தத் துளை அப்படி என்ன கெடுத்துவிட்டது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் பேரேட்டில் வித்தியாசம் தெரிந்தது.

டாலஸ் தம்பி:

ஹூஸ்டன் அண்ணா, என் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கோல்ட் (Colt) கம்பெனியின் பைத்தான் ரிவால்வர் ஒன்று இருந்தது. அறுபதுகளில் வாங்கியது. அந்தக் கருநீல மெருகை வெயிலில் பார்த்தால் கிணற்றுத் தண்ணீரை எட்டிப் பார்க்கிற மாதிரி இருக்கும். பாகங்களைக் கையால் அராவி ஒன்றோடொன்று பொருத்திய காலம் அது. அந்தக் கைவேலைக்குக் கூலி கட்டுப்படியாகாமல்தான் மெல்ல மெல்ல நின்றுபோனது என்பார். 2020-ல் அந்த கம்பெனி பைத்தானை மறுபடி கொண்டுவந்தது, 1,499 டாலர். புதுசு வந்துவிட்டது, இனிப் பழசை யார் வாங்குவார்கள் என்று மனிதர் பயந்துபோய் ஓர் அடகுக்கடையில் 1,800-க்குக் கொடுத்துவிட்டார். நாலு மாதம் கழித்து அதே கடையில் வேறொரு பழைய பைத்தான் 2,900 என்று சீட்டு ஒட்டிக் கிடந்தது. எனக்குக் காட்டினார். திரும்பி வரும் வழியெல்லாம் பேசவே இல்லை.

ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். 1955-ல் பைத்தான் முதலில் வந்தபோது விலை 125 டாலர். இன்றைய டாலரில் அது 1,400-ஐத் தாண்டும். அதாவது புதுப் பைத்தானின் விலையும் அன்றைய விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ‘விலை ஏறிவிட்டது’ என்று நாம் மூக்கில் விரல் வைப்பதில் பெரும்பங்கு டாலர் தேய்ந்த கதை. அதற்கு மேல் கிடைப்பதுதான் பழசுக்குத் தருகிற மரியாதை.

மிச்சிகன்காரி:

தொடாமல் விட்டிருந்தால் எங்களுக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்கும். என் கணவர் இந்த ஊர்க்காரர். மாமனார் கோல்ட் கம்பெனியின் டிடெக்டிவ் ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்றைத் தோல் உறைக்குள்ளேயே போட்டு வருடக்கணக்கில் நிலவறையில் வைத்திருந்தார். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும். எடுத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் முழுக்கப் புள்ளிப் புள்ளியாகத் துரு. என் கணவர் நல்ல எண்ணத்தில் ஒரு பட்டறையில் கொடுத்துத் தேய்த்துப் புதுசாக மெருகேற்றி வாங்கி வந்தார். கண்ணாடி மாதிரி இருந்தது. அடகுக்கடைக்காரர் கையில் வாங்கி விளக்கடியில் ஒரே ஒரு தடவை சாய்த்தார். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறது பாருங்கள், திருகைச் சுற்றிச் சின்னக் குழி விழுந்திருக்கிறது பாருங்கள் என்று நகத்தால் காட்டினார். பட்டறைச் சக்கரம் தின்ற இடமாம். துருவோடு கொண்டுவந்திருந்தால் இதைவிடக் கூடக் கொடுத்திருப்பேன் என்றார். மெருகுக்கு நாங்கள் கொடுத்தது 250 டாலர்.

ஒஹாயோ:

பழசு என்றாலே காசு என்று நினைக்காதீர்கள். ரேவன் .25 பிஸ்டல் ஒன்றைக் கொண்டு போனேன், எழுபதுகளில் செய்தது, துத்தநாகக் கலவை. தட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கெஞ்சியதற்கு 30 டாலர்.

சான் அன்டோனியோ:

நான் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். இப்படி மூழ்கிய ரிவால்வர் ஒன்று வாங்கி வைத்தால் முதலீடாக இருக்குமா?

ஹூஸ்டன்வாசி:

தம்பி, அந்தப் பக்கமே போகாதீர்கள். எச்-1பி மாதிரியான விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ ஃபெடரல் சட்டம் பொதுவாக அனுமதிப்பதில்லை. வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் இருக்கின்றன, அதை வக்கீலிடம் கேட்காமல் நம்பி இறங்கக் கூடாது. கிரீன் கார்டு வந்தபின் கதை வேறு.

மிச்சிகன் அக்கா சொன்னதுதான் எங்கள் கடையிலும். எண்ணெய் போட்டுத் துடைப்பதைத் தவிர எதுவும் செய்யாதீர்கள் என்று ஒரு அட்டையே எழுதி மாட்டியிருந்தார்.

அந்த சனிக்கிழமை ஆளைப் பற்றிச் சொல்லி முடிக்கவில்லையே. கெடு நாளில் பணத்தோடு வந்தார். அடகு வைத்த துப்பாக்கியை மீட்பதற்கும் 4473 என்கிற படிவத்தை நிரப்பி, எஃப்பிஐ-யின் பின்னணிச் சோதனைக்குக் கொடுக்க வேண்டும். இந்தச் சோதனை முறை 1998 நவம்பர் கடைசியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. “என் துப்பாக்கியை நானே வாங்க எனக்கே சோதனையா?” என்று சத்தம் போட்டார். பதில் ‘தாமதம்’ என்று வந்தது. பொதுவான பெயர், இன்னொருவரோடு குழம்பியிருக்கலாம். மூன்று வேலை நாள் வரை காத்திருக்கச் சொன்னோம். வியாழக்கிழமை வந்து வட்டியோடு கட்டி எடுத்துப்போனார். கைப்பிடித் திருகு சரியாக முறுக்கியிருக்கிறதா என்று அங்கேயே பார்த்துக்கொண்டார்.

லேப்டாப்பை மீட்கவில்லை. அது மூழ்கி, நான் வேலையை விடும்வரை அலமாரியிலேயே கிடந்தது. சார்ஜரை யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.