எஃப்ஐஆர் இருந்தால்தான் வைத்தியமா?

பனியன் கம்பெனி விடுதி வார்டன், திருப்பூர்:
எங்கள் விடுதிப் பெண் ஒருத்தி, ஒடிசாக்காரி. நடக்கக்கூடாதது நடந்துவிட்டது, பாலியல் வன்கொடுமைங்க. தனியார் ஆஸ்பத்திரியில் "எஃப்ஐஆர் இருக்குங்களா?" என்கிறார்கள். நடந்தது ஈரோடு பக்கம். இங்கே புகார் எடுப்பார்களா? என்னங்க செய்வது?

அவிநாசி வக்கீல்:
அக்கா, அப்படிக் கேட்டதே தப்புங்க. பிஎன்எஸ்எஸ் என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397-ஆம் பிரிவுப்படி அரசு, தனியார் எதுவானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். போலீசுக்குச் சொல்வது அவர்கள் வேலை. சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் பதியலாம், அதுக்குப் பேர் ஜீரோ எஃப்ஐஆர். புகாரைப் பதிவு செய்வது பெண் அதிகாரியாக இருக்க வேண்டும்.

கோவை நர்ஸ்:
முதலில் வைத்தியம், அப்புறம் ஸ்டேஷன். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கணும், சீக்கிரம் போங்க. உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகித உறையில் வையுங்க. பரிசோதனைக்கு அவள் சம்மதம் வேண்டும். பிறப்புறுப்பில் விரல் விட்டுப் பார்க்கும் இருவிரல் சோதனை என்று யாராவது ஆரம்பித்தால் மறுத்துவிடுங்க, 2022-ல் உச்ச நீதிமன்றமே கூடாதென்று சொல்லிவிட்டது. பெண்கள் உதவி எண் 181-ல் கூப்பிட்டால் ஒன் ஸ்டாப் சென்டருக்கு வழி சொல்வார்கள். தங்குமிடம், சட்ட உதவி எல்லாம் அங்கே உண்டு.

பொள்ளாச்சிக்காரி:
கம்பெனி ஆபீசில் பேரைச் சொல்லிவிடாதீங்க. 2019-ல் எங்கள் ஊர் பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார் கொடுத்த பெண்ணின் அடையாளம் வெளியே வந்ததைப் பார்த்தோமே. 2025 மே மாதம் குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது, அது வேறு.

வார்டன்:
சரிங்க. ஒடியா பேசும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம்.