வெள்ளை ஓநாய்ப் படம் 'பண்ணை' என்று கிளப்பிவிட்டவருக்கு

தேரிமணல் | ஞாயிறு இரவு 9.40

போன திரியில் குறுக்குத்துறை ஒரு குண்டைப் போட்டுட்டுப் போயிருக்கார். பாளையங்கோட்டையில் போன வாரம் நாம திரையிட்ட ஆர்க்டிக் ஓநாய்ப் படம் (கனடாவின் எல்ஸ்மியர் தீவில் ஒரு போட்டோகிராபர் மார்ச்சிலும் ஜூலையிலும் காட்டு ஓநாய்க் கூட்டத்துக்குப் பின்னாலேயே அலையுற படம்) மொத்தமும் பண்ணையில வளத்த ஓநாயை வச்சு எடுத்ததாம். ஆதாரம்? 41-ம் நிமிஷம். ஓநாய் தலையும் தோளுமா நிக்குது, பின்குரல் மைனஸ் 30 டிகிரின்னு சொல்லுது, வாயில மூச்சுப்புகை இல்லை. அவ்வளவுதான் ஆதாரம். இதுக்கு ஏழெட்டுப் பேர் 'ஆமா, ஆமா' வேற.

புகைன்னு நாம சொல்றது மூச்சுல உள்ள ஈரம் குளிர்ந்து உண்டாகுற நுண்துளி. வெளிச்சம் பின்னால இருந்து வந்து, அதுக்கும் பின்னால இருட்டா ஏதாவது இருந்தாத்தான் அது நல்லாக் கண்ணுல படும். 41-ம் நிமிஷத்தை நிறுத்திப் பாருங்க. ஓநாயோட ரெண்டு கண்ணுலயும் சூரியப் புள்ளி இருக்கு. அப்ப சூரியன் கேமராக்காரர் முதுகுப் பக்கம். ஓநாய்க்குப் பின்னால வெறும் பனி. வெள்ளைக்கு முன்னால வெள்ளைப் புகை எப்படித் தெரியும்?

குறுக்குத்துறை | 9.52

தேரிமணல் அண்ணாச்சி, குண்டு உமக்கு நல்லாவே கேட்டிருக்கு, சந்தோசம். 38-ம் நிமிஷத்துல அதே ஓநாய் ஓடி வருது. ரயில் இன்ஜின் கணக்கா புகை விடுது. மூணு நிமிஷம் கழிச்சு நிக்குது, புகையக் காணோம். நாலுமுக்குல மார்கழிக் காலையில மனுசனுக்கே புகை வருது வே. மைனஸ் 30-ல ஓநாய்க்கு வராதா? புகை எங்கே?

அறுநூறு எம்எம் | 10.05

நீரே பதில் சொல்லிட்டீரே. 38-ல ஓடுது, வாய் திறந்து நாக்கு தொங்குது, சூரியன் எதிர்ல. 41-ல வாய் மூடி நிக்குது. நாய் இனத்துக்கு மூக்குக்குள்ள சுருள் சுருளா மெல்லிய எலும்பு இருக்கு. உள்ள போற குளிர்காத்து அதைக் குளிர வைக்கும். வெளிய வர்ற சூட்டுக்காத்து அதுல பட்டு, ஈரத்துல ஒரு பங்கை அங்கேயே விட்டுட்டு வரும். மூக்கு வழியா மூச்சு விட்டா புகை கம்மி, வாய் வழியா இளைச்சா புகை ஜாஸ்தி.

குறுக்குத்துறை | 10.09

கம்மின்னுதான சொல்லுதீரு. இல்லன்னு சொல்லலயே? கம்மிப் புகையாவது எங்கே?

குற்றாலச்சாரல் | 10.31

அது வெள்ளைக்குள்ள போயிடுச்சு தம்பி. பனியில கேமராவோட வெளிச்ச மீட்டரை நம்பி எடுத்தா மொத்தமும் சாம்பல் கலர்ல வரும், அதனால 1 முதல் 1⅔ ஸ்டாப் (ஒரு ஸ்டாப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு) கூட்டி வைப்பாங்க. வீடியோன்னா ஜீப்ராவை (வெளிச்சம் ஏறின இடத்துல திரையில வரிக்கோடு காட்டுற வசதி) 95 சதவீதத்துல வச்சு, பனியில கோடு லேசா எட்டிப் பார்க்கிற இடத்துல நிறுத்துவாங்க. பனி 90-ல இருக்கு, அதுக்கு முன்னால மெல்லிசா ஒரு ஆவி 91, 92-ல வருது. திரையில என்ன வித்தியாசம் தெரியும்? போதாததுக்கு நம்ம புரொஜெக்டர் வேற. அது கொக்கையும் பனியையும் ஒரே வெள்ளையாத்தான் காட்டும்.

சந்தேகம்னா வீட்லயே பார்க்கலாம். ஒரு டம்ளர் கொதிக்கிற தண்ணி. பின்னால கறுப்புத் துணி, டம்ளருக்குப் பின்பக்கம் சாய்வா ஒரு டார்ச், லென்ஸ்ல நேரா அடிக்காம. ஷட்டர் 50-ல ஒண்ணு, ஐஎஸ்ஓ 800. ஆவி நூல் நூலாத் தெரியும். அப்புறம் டார்ச்சை கேமரா பக்கம் கொண்டு வந்து, துணியை எடுத்துட்டு வெள்ளைச் சுவரை விடுங்க, எக்ஸ்போஷரை ஒன்றரை ஸ்டாப் ஏத்துங்க. டம்ளர் இருக்கும், ஆவி இருக்காது.

குறுக்குத்துறை | 10.38

அக்கா, டம்ளரும் ஓநாயும் ஒண்ணா? டம்ளர் மூச்சா விடுது?

மாஞ்சோலை அட்டை | 10.40

டம்ளருக்குப் பண்ணை இருக்கான்னு கேளுங்க.

குறுக்குத்துறை | 10.58

சிரிங்க சிரிங்க. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்துற காட்டுயிர்ப் போட்டியில 2009-ல முதல் பரிசு எதுக்குக் குடுத்தான்? ராத்திரியில வேலியைத் தாண்டுற ஓநாய்ப் படத்துக்கு. 2010 ஜனவரியில பரிசைப் பிடுங்கினான். ஏன்? பழக்கின ஓநாயா இருக்கத்தான் வாய்ப்புன்னு முடிவு பண்ணி. அமெரிக்காவுல மான்டானா பக்கம் படம் எடுக்கதுக்குன்னே பண்ணையில ஓநாய் வளத்து வாடகைக்கு விட்டிருக்கான். நடுவர்களே ஏமாந்த இடத்துல நீங்க யாரு? இத்தனையும் தெரிஞ்சுதான் கேக்கேன், புகை எங்கே?

தேரிமணல் | 11.14

அந்தப் படத்தைப் புகையை வச்சா கண்டுபிடிச்சாங்க? பூங்காவுல இருந்த ஒரு ஓநாயோட படங்களோட ஒப்பிட்டுப் பார்த்தாங்க. பண்ணை ஓநாய்க்கு அடையாளம் வேற. ரோமம் சீவி விட்ட மாதிரி இருக்கும், காதுல மூக்குல பழைய கடித்தழும்பு இருக்காது. முக்கியமா கண்ணு. நாலு ஓநாய் இருந்தா நாலும் ஒரே நேரத்துல பிரேமுக்கு வெளிய ஒரே இடத்தைப் பார்க்கும், அதுவும் மேல் நோக்கி, ஒரு ஆளோட கை உயரத்துக்கு. அங்க கறித்துண்டு இருக்கும். 41-ல் ஓநாய் பார்க்கிறது நேரா லென்ஸை. மூக்குக்கு மேல தழும்பும் இருக்கு.

இன்னொரு கணக்கு. 600 எம்எம் லென்ஸ், லென்ஸ் துவாரம் எஃப்4, முழு பிரேம் சென்சார். படத்துல சொல்ற 30 மீட்டர் தூரத்துல தெளிவா விழுற ஆழம் சுமார் 60 சென்டிமீட்டர். 10 மீட்டர்னா 7 சென்டிமீட்டர்கூட வராது. இந்த ஷாட்ல மூக்கு நுனியும் கூர், காது மயிரும் கூர். பண்ணையில 10 மீட்டர்ல நிப்பாட்டி எடுத்திருந்தா ஒண்ணு மூக்கு போயிருக்கும், இல்ல காது.

குறுக்குத்துறை | 11.17

துவாரத்தைச் சுருக்கி எஃப்11 வச்சிருப்பான்.

தேரிமணல் | 11.20

எஃப்11-ல 10 மீட்டருக்கு 18 சென்டிமீட்டர். ஓநாய்த் தலை அதைவிட நீளம். ஸ்கேல் எடுத்துட்டு வாரும்.

குறுக்குத்துறை | 11.22

ஸ்கேல் இருக்கட்டும். புகை?

தமிழ்வாத்தியார் | திங்கள் காலை 6.15

இரவெல்லாம் ஓநாய், ஓநாய் என்று எழுதியிருக்கிறீர்கள். கோநாய் என்றொரு சொல்லும் அகராதியில் இருக்கிறது, ஒருவரும் தொடவில்லை. போகட்டும். படத்தில் 'ஆல்பா ஆண்' என்று திரும்பத் திரும்ப வருகிறதே, அதுதான் பிழை. அந்தச் சொல் கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து ஷெங்கல் என்ற ஆய்வாளர் 1947-இல் எழுதியதிலிருந்து பரவியது. இதே எல்ஸ்மியரில் 1986 முதல் கோடைதோறும் ஓநாய்களைக் கவனித்த டேவிட் மெக், 1999 கட்டுரையில் அதை மறுத்தார். காட்டில் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள். தலைவன் அல்ல, அப்பன்.

குறுக்குத்துறை | 7.02

பாத்தீங்களா! வாத்தியாரே சொல்லிட்டாரு, கூண்டு ஓநாய்!

தமிழ்வாத்தியார் | 7.10

நான் சொன்னது 1947. பேசிக்கொண்டிருக்கும் படத்தைப் பற்றி அல்ல. படித்துவிட்டு எழுதுவது நலம்.

குறுக்குத்துறை | 7.12

கூண்டுன்னு எழுதுனது நீங்க சார், நான் இல்ல. அப்படியே இன்னொண்ணு. நிசமான காட்டு ஓநாய் மனுசனைக் கண்டா ஒரு கிலோமீட்டர் ஓடும். வல்லநாட்டு வெளிமானே வண்டிச் சத்தத்துக்கு ஓடுது. இது எப்படி 30 மீட்டர்ல நிக்கி?

அறுநூறு எம்எம் | 8.20

ஓடுறது வேட்டையாடின ஊர்ல. எல்ஸ்மியர் அந்த வடகோடியில ஆளே கிடையாது. யுரேகாவுல 1947-ல வச்ச வானிலை நிலையம், கொஞ்சம் ராணுவ ஆட்கள், அவ்வளவுதான். மனுசன்னா துப்பாக்கின்னு அந்த ஓநாய்க்குத் தெரியாது. பயப்படாது, வந்து மோந்து பார்க்கும். தரையில ரிமோட் கேமராவை வச்சா முதல் வேலையா கேபிளைக் கடிக்கும். குட்டி இருந்தா லென்ஸ் ஹூட்டைத் தூக்கிட்டுப் போகும். அதான் கேபிளை இரும்புக் குழாய்க்குள்ள விட்டு எடுக்கிறது. இதெல்லாம் 22-ம் நிமிஷத்துல காட்டியிருக்கான், நீர் அப்ப டீ குடிக்கப் போயிருப்பீரு.

குறுக்குத்துறை | 8.31

கேமரான்னு சொன்னீரே, அதையே கேக்கேன். கையேட்டுல 0 முதல் 40 டிகிரி வரைன்னு போட்டிருக்கான். மைனஸ் 30-ல எப்படி ஓடுச்சு? அப்ப மைனஸ் 30-ஏ பொய். அதான் புகை இல்ல.

அறுநூறு எம்எம் | 8.55

கையேட்டுல போட்டது கம்பெனி உத்தரவாதம் குடுக்கிற அளவு. அதுக்குக் கீழயும் ஓடும், பாடுபடுத்தும்.

லித்தியம் அயன் பேட்டரி மைனஸ் 20-ல ஏறக்குறைய பாதிதான் கொடுக்கும். செத்துப் போகல, உள்ள அயன் நகர்றது மந்தமாகுது. சூடாக்கினா மிச்சம் திரும்ப வரும். அதான் ரெண்டு செட்டு. ஒண்ணு கேமராவுல, ஒண்ணு உள்சட்டையில உடம்போட ஒட்டி. இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். இல்ல பெரிய பேட்டரியைக் கோட்டுக்குள்ள வச்சு ஒயர் மட்டும் வெளிய. ஆனா 0-க்குக் கீழ சார்ஜ் போடக்கூடாது. லித்தியம் உலோகமாப் படிஞ்சு பேட்டரி நிரந்தரமாக் கெடும், ஷார்ட்டும் ஆகும். கூடாரத்துல கொண்டு வந்து சூடு ஏறினப்புறம்தான் சார்ஜ்.

கேமராவோட பின் திரை மைனஸ் 30-ல இழுபடும், ஓநாய் வாலு ரெண்டா மூணாத் தெரியும். கார்டுல அப்படி இருக்காது. டிரைபாட் ஹெட்டுல (முக்காலி மேல கேமராவைத் திருப்புற தலை) உள்ள கிரீஸ் அல்வா மாதிரி இறுகிடும். பக்கவாட்டுல பான் பண்ணினா முதல்ல நகராது, அப்புறம் குதிக்கும். குளிர் கிரீஸ் மாத்தினாத்தான் உண்டு. டிரைபாட்டோட உலோகக் காலுக்கு நுரைக்குழாய் சுத்தணும், வெறுங்கை பட்டா தோல் ஒட்டிக்கும்.

இதை எல்லாம்விட மோசமானது கூடாரத்துக்குள்ள வர்ற நேரம். குளிர்ந்த கேமராவைச் சூட்டுக்குள்ள அப்படியே கொண்டு வந்தா உள்கண்ணாடி வரைக்கும் வேர்க்கும். வெளியவே கார்டையும் பேட்டரியையும் உருவிட்டு, கேமராவைக் காத்துப் புகாத பையில போட்டு இறுக்கிக் கட்டி, அப்புறம் உள்ள கொண்டு வந்து ரெண்டு மூணு மணி நேரம் தொடாம வைக்கணும். வேர்வை பைக்கு வெளிய நிக்கும். அவசரப்பட்டுப் பையைத் திறந்தா, மறுநாள் அந்த ஈரம் வெளிய போய் உறைஞ்சு ஃபோகஸ் வளையமே சுத்தாது.

மாஞ்சோலை அட்டை | 9.01

டிரைபாட் ஹெட்டுன்னதும் ஞாபகம். குழுவோட ஃபுளூயிட் ஹெட்டு போன தைப்பொங்கல்ல இருந்து யார் வீட்ல இருக்கு?

குறுக்குத்துறை | 9.04

அது வேற விசயம். பேச்சை மாத்தாதிய.

அறுநூறு எம்எம் | 9.06

பேச்சை மாத்தலயே. கிரீஸ் இறுகிப் போச்சா?

குறுக்குத்துறை | 9.20

கூந்தன்குளம் போட்டியில என் பட்டைத்தலை வாத்தை வெளிய தள்ளினதும் இதே கூட்டம்தான். எனக்கு எல்லாம் தெரியும்.

தேரிமணல் | 9.26

வாத்துக்குப் பின்னால இருந்த கரண்ட் கம்பியை அழிச்சிட்டு 'அசல்'னு அனுப்பினா தள்ளாம என்ன செய்ய? கம்பியை அழிச்சவர் புகையைத் தேடுறார்.

குறுக்குத்துறை | 9.41

அப்ப இதுக்குப் பதில் சொல்லும். 30 மீட்டர்ல இருந்து எடுத்தேங்கான். ஓநாய் நடக்கும்போது பனி 'கறுக் கறுக்'ன்னு காதுக்குப் பக்கத்துல கேக்குதே, அது எப்படி?

குற்றாலச்சாரல் | 10.10

அது ஸ்டூடியோ சத்தம்தான். அதுல ஒளிக்க ஒண்ணுமில்ல. எவ்வளவு நல்ல கன் மைக்கா இருந்தாலும் 30 மீட்டர்ல காத்துதான் பதிவாகும், காலடி பதிவாகாது. துணிப்பையில சோளமாவை இறுகக் கட்டி மைக் முன்னால அமுக்கினா பனியில மிதிக்கிற சத்தம் வரும். காட்டுயிர்ப் படம் பாதிக்கு மேல அப்படித்தான். அது சரியா தப்பாங்கிறது தனிச் சண்டை. எனக்கும் அது அவ்வளவு பிடிக்காது.

குறுக்குத்துறை | 10.12

சோளமாவு! எல்லாரும் படிச்சுக்கோங்க. சோளமாவு! சத்தம் பொய்யின்னு உங்க ஆளே ஒத்துக்கிட்டாச்சு. சத்தம் பொய்யின்னா படமும் பொய்யி. மீசையில பனி ஒட்டியிருக்குல்லா, அதும் சோளமாவுதான்.

குற்றாலச்சாரல் | 10.19

நான் ஒத்துக்கல, சொன்னேன். ரெண்டும் வேற. அந்த மீசைப் பனிதான் நீங்க கேக்குற புகை, மூச்சு ஈரம் ரோமத்துல பட்டு உறைஞ்சது. உங்க கேள்விக்குப் பதில் அந்த ஓநாய் மூஞ்சியிலயே ஒட்டியிருக்கு.

குறுக்குத்துறை | 10.21

நான் கேட்டது புகை. நீங்க காட்டுறது பனி.

தமிழ்வாத்தியார் | 10.40

'படிச்சுக்கோங்க' என்பவர் என் பதிவை இன்னும் படிக்கவில்லை.

அறுநூறு எம்எம் | 11.05

நான் ஒண்ணு சொல்லுதேன், ரெண்டு தரப்புக்கும் பிடிக்காது. மைனஸ் 30-ன்னு பின்குரல் சொல்ற நாளும் அந்த ஷாட் எடுத்த நாளும் ஒண்ணா இருக்கணும்னு இல்ல. 39-ல ஓநாய் நிழல் நீளமா இருக்கு, 41-ல கொஞ்சம் குட்டை. வேற நாள் ஷாட்டை எடிட்டர் ஒட்டியிருக்கலாம். யுரேகாவுல ஜூலை சராசரியே 6 டிகிரிதான், ஆனா ஜூலைன்னா ரோமம் உதிர்ந்து திட்டுத்திட்டா நிக்கும். இது முழுக் குளிர்கால ரோமம். ஏப்ரல் கடைசி, மே மாசமா இருக்கலாம்.

தேரிமணல் | 11.11

ஏன்வே இப்ப இதைச் சொல்லுதீரு? அது மார்ச் ஷாட்தான்.

குறுக்குத்துறை | 11.12

ஹா! அறுநூறு அண்ணாச்சி நம்ம கட்சி!

அறுநூறு எம்எம் | 11.13

யார் கட்சியும் இல்ல. மேயில எடுத்தாலும் காட்டு ஓநாய் காட்டு ஓநாய்தான்.

தேரிமணல் | 11.30

மேன்னா உச்சிவெயில்ல பனிக்கு மேல கானல் ஆடும். ஆறுமுகநேரி உப்பளத்துல பத்து மணிக்கு மேல 600-ஐ வச்சுப் பாரும், கொக்கு காலு நெளியும். 41-ல ஒரு மயிர்கூட நெளியல. அதனால மார்ச்.

அறுநூறு எம்எம் | 11.38

30 மீட்டர்ல கானல் எங்க ஆடும்? 300 மீட்டர்ல ஆடும். அதுவும் மேயில அங்க ராத்திரியே கிடையாது. ராத்திரி ரெண்டு மணிக்கும் சூரியன் இருக்கும், தாழ்ந்து இருக்கும், கானலும் அடங்கியிருக்கும். உப்பளத்தை விடும்.

தேரிமணல் | 11.41

நிழல் குட்டைன்னு இப்பத்தான சொன்னீரு? ராத்திரி ரெண்டு மணிச் சூரியனுக்கு நிழல் குட்டையா விழுமா?

மாஞ்சோலை அட்டை | 11.45

ஃபுளூயிட் ஹெட்டு பற்றி இன்னும் தகவல் இல்லை.

குறுக்குத்துறை | 12.20

புகைக்கு யாரும் பதில் சொல்லல, எல்லாரும் பாத்துக்கோங்க. இது இருக்கட்டும். 47-ம் நிமிஷத்துல ஓநாய் கஸ்தூரி எருதைத் தின்னுக்கிட்டு நிக்கும்போது பக்கத்துல ஒரு அண்டங்காக்கா வந்து உக்காருதுல்லா. ஓநாய் நிழல் இடது பக்கம் விழுது. காக்கா நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாத்தீங்களா? சாயந்திரம் தனித் திரி போடுதேன்.