கணவாய்க் காத்துல பழகினவங்க: 226 கிலோமீட்டர் ட்ரையத்லான் அனுபவங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

மலேசியாவுல லங்காவித் தீவுல நடக்கற அயர்ன்மேன், அதாவது முழு தூர ட்ரையத்லான் பந்தயம், எப்படிப் போச்சுன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. கடல்ல 3.8 கிலோமீட்டர் நீச்சல், அப்புறம் 180 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியா 42.2 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாம் 17 மணி நேரத்துக்குள்ள முடியணும். எல்லாரும் பயப்படறது ஓட்டத்துக்குத்தான். என்னைக் கேட்டா சைக்கிள்லயே பாதி முடிவாயிடுது. அதுக்குப் பழக நம்ம பக்கத்தை விட நல்ல இடம் கிடையாது.

காரணம் காத்து. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவுல மலை விட்ட சந்துல, பாலக்காட்டுக் கணவாய்லதான் நாம குடியிருக்கோம். ஆனி, ஆடியில மேக்கருந்து அடிக்கும். மார்கழி, தையில கிழக்கருந்து அடிக்கும். கஞ்சிக்கோட்டுல காத்தாலையை சும்மாவா நட்டு வச்சாங்க? கோயமுத்தூர் குரூப்போட போனா முன்னாடி போறவர் காத்தை வாங்கிக்குவார், நாம பின்னால பதுங்கிக்கலாம். பந்தயத்துல அது ஆகாது. முன்னால போற சைக்கிளுக்கும் நமக்கும் 12 மீட்டர் இடைவெளி இருக்கணும். அதுக்குள்ள நுழைஞ்சா 25 விநாடியில தாண்டியாகணும். இல்லன்னா பெனால்டி கூடாரத்துல 5 நிமிஷம் நிக்கணும். ஆகவே தனியா, எதிர்காத்துல ஓட்டிப் பழகறதுதான் நிஜப் பயிற்சி. வேலந்தாவளத்துலருந்து மீனாட்சிபுரம் போற வழியில சில நாள் மணிக்கு 20 கூடத் தொடாது. மீட்டரை மறந்துட்டு மூச்சைக் கவனிங்க. ஒரு வாக்கியம் முழுசாப் பேச முடியற வேகம் போதும்.

வண்ணாமடை பக்கம் டீக்கடை வச்சிருக்கற அம்மா ஒருநாள் நிறுத்திக் கேட்டாங்க.

“ஜெயிச்சா என்ன தம்பி குடுப்பான்?”

“மெடலும் டீ-சர்ட்டும்மா.”

“காசு கட்டினது யாரு?”

“நான்தான்.”

டீயை ஆத்தறதை நிறுத்திட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. “வீட்ல யாரும் ஒண்ணும் சொல்றதில்லையா?”

லங்காவியில தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். நம்மளை மாதிரி சாதாரணப் போட்டியாளர்களுக்குத் தண்ணி 24.5 டிகிரிக்கு மேல போனா வெட்சூட்ங்கற ரப்பர் நீச்சலுடை போட அனுமதி இல்லை. அது தர்ற மிதப்பு இல்லாம நீந்தணும். கிணத்துல கத்துக்கிட்டவனுக்குக் கடல்ல நேரா போறதே பெரிய வேலை. சுவர் கிடையாது, கோடு கிடையாது. அஞ்சாறு கை போட்டதும் கண்ணை மேல தூக்கி மிதவையைத் தேடணும், இல்லன்னா நேரா தாய்லாந்துதான். நாக்கு உப்புல ஊறித் தடிச்சுப் போச்சு, சைக்கிள்ல ஏறின பிறகும் ரொம்ப நேரத்துக்கு எந்த ருசியும் தெரியல.

ஓட்டத்துல பொழுது சாஞ்ச பிறகு தண்ணி மேசைகிட்ட “அய்யோ அம்மா”ன்னு முனகினேன். ஐஸ் கொடுத்துட்டிருந்த பொண்ணு சட்டுன்னு நிமிர்ந்துச்சு. “தமிழா அண்ணே? தொப்பிக்குள்ள போட்டுக் கவுத்துக்குங்க.” மலேசியாவுலயே சுங்கை பட்டாணிங்கற ஊர்க்காரப் பொண்ணு. ஊர் எதுன்னு கேட்டுச்சு. பாலக்காடுன்னேன். “அப்ப மலையாளமா?” இல்லம்மா, தமிழ்தான்னேன். 1956-ல மாநிலம் பிரிச்ச கதையை முப்பதாவது கிலோமீட்டர்ல நின்னு சொல்ல மூச்சு ஏது? கோலாவை வாங்கிக் குடிச்சிட்டு நகர்ந்துட்டேன்.

சித்தூரிலிருந்து:

அண்ணா, நான் முழு தூரம் போகல. கோவா 70.3-ங்கற பாதி தூர அயர்ன்மேன்ல மூணு பேரா ரிலே பண்ணினோம். 1.9 கிலோமீட்டர் நீச்சல் எனக்கு, 90 கிலோமீட்டர் சைக்கிள் தம்பிக்கு, 21.1 ஓட்டம் அவன் கூட்டாளிக்கு. எங்க ஊர் சோகநாசினி ஆத்துல குதிச்சு வளர்ந்தவதான், ஆனாலும் மிராமர் கடற்கரையில அத்தனை பேர் கையும் காலும் நடுவுல நீந்தறது வேற கதை. யாரோ உதைச்சதுல நீச்சல் கண்ணாடிக்குள்ள தண்ணி ஏறிடுச்சு.

ரிலேயில கைமாத்தறது கணுக்கால்ல கட்டியிருக்கற, நேரம் பதியற சிப் பட்டைதான். சைக்கிள் நிறுத்தற இடம் வரைக்கும் ஓடி, அதை அவிழ்த்து அடுத்த ஆள் கால்ல கட்டணும். வெல்க்ரோ முழுக்க மணல், ஒட்டவே மாட்டேங்குது. குனிஞ்சு நான் அமுக்கிட்டிருக்கேன், தம்பி மேலருந்து கத்தறான்: “அக்கா, மல்லிகைப்பூவா தொடுக்கறே? சீக்கிரம்!” அந்த மெடல்ல எனக்கும் பங்கு இருக்குன்னு இப்பவும் வீட்ல சண்டை நடக்குது.

கோபாலபுரத்திலிருந்து:

சித்தூர் அக்கா சிரிக்க வச்சிட்டீங்க. சித்தூர்னதும் கள்ளு ஞாபகம் வருது, தப்பா நினைக்காதீங்க. 1978 பிப்ரவரி 18-ல ஹவாயில ஓவாஹூ தீவுல நடந்த முதல் அயர்ன்மேன்ல கிளம்பினது 15 பேர், முடிச்சது 12 பேர். கார்டன் ஹாலர் 11 மணி 46 நிமிஷத்துல ஜெயிச்சார். ரெண்டாவது வந்த ஜான் டன்பாருக்கு ஓட்டத்துல தண்ணி தீர்ந்துபோய், கூட வந்தவங்க பீரைக் குடுத்தாங்களாம். நாமளா இருந்தா கலயத்தையே தூக்கிட்டுப் போயிருப்போம்.

விளையாட்டு இருக்கட்டும். முதல் தடவை போறவங்க வெறும் தண்ணியை மடமடன்னு குடிக்காதீங்க. வேர்வையில உப்பு போயிட்டே இருக்கும். மேல மேல வெறும் தண்ணி மட்டும் போனா ரத்தத்துல சோடியம் இறங்கும். தலைவலி, வாந்தி, அப்புறம் பேச்சு குழறும், முத்தினா வலிப்பு வரைக்கும் போகும். நான் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியும் வேகவச்ச உருளைக்கிழங்கும்தான் சைக்கிள்ல வச்சுக்கறேன். மணிக்கு 60 கிராம் மாவுச்சத்தாவது உள்ள போகணும். பந்தயக்காரங்க பாக்கெட்ல உறிஞ்சற சர்க்கரை ஜெல் எனக்குக் குமட்டும். நேந்திரம்பழம் ஒத்துக்குது, நல்லாப் பழுத்ததா பாருங்க, செங்காயா இருந்தா வயித்தைப் பிடிச்சுக்கும்.